ஒரு வயது கூட்டிச் சொன்னது

மார்ச் 4, திங்கள்

தொட்டியில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. கூரையில் விழும் மழை வீட்டுக்கு அடியில் கட்டிய தொட்டிக்குப் போகும். குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். இந்தத் தீவில் எல்லார் வீட்டிலும் இதே கதை. மழை பொய்த்தால் லாரிக்காரனைக் கெஞ்ச வேண்டும். வியாழக்கிழமை வருகிறேன் என்றான், எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் வேலை முடிந்ததும் வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். அமெரிக்கக்காரன் தீவான இந்தச் செயின்ட் தாமஸுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும், உள்ளே நுழைந்ததும் “குட் ஆஃப்டர்நூன்” சொல்ல மறந்து நேரே விஷயத்துக்குப் போய்விட்டேன். அது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. அந்தம்மா நான் சொல்லும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

தம்பி தேவதுரை குடும்பத்தோடு இங்கே வந்து குடியேற நான் மனு போட்டுப் பதினெட்டு வருஷம். போன ஆகஸ்ட் கடைசியில்தான் வரிசையில் எங்கள் நம்பர் வந்தது. வந்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் காகிதங்களைக் கொடுத்துவிட வேண்டும். தம்பிக்கும் அவன் மனைவி ரூபவதிக்கும் தடை இல்லை. மகள் ஹெப்சிபா விஷயத்தில்தான் சிக்கல். பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, இருபத்தொன்று தாண்டியிருக்கக் கூடாது. மனு ஆபீஸில் கிடந்த மூன்று வருஷம் எட்டு மாதத்தை, நம்பர் வந்த அன்றைய வயதில் கழித்துக்கொள்வார்களாம். கழித்த பிறகும் பாஸ்போர்ட் தேதிப்படி அவளுக்கு ஐந்து மாதம் கூடுதல்.

ஆனால் அந்தத் தேதியே பொய். நிஜத்தில் அவள் ஒரு வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் அது யார் வீட்டில்தான் நடக்கவில்லை? அதே தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏறி, அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் ஏறிவிட்டது. இதை வக்கீலம்மாவுக்கு மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது.

“ஒரு வருஷம் பொறுத்துச் சேர்த்திருக்கலாமே?” என்றாள்.

பொறுத்திருக்கலாம்தான்.

பிறந்தபோது பேரூராட்சி ஆபீஸில் பதிந்த பதிவின் நகல் கிடைத்தால் போதும், மற்றதைத் திருத்திவிடலாம் என்கிறாள். உண்மைத் தேதிப்படி ஏழு மாதம் மிச்சம் இருக்கிறது. அந்த நகலைத்தான் அக்டோபரிலிருந்து தம்பியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, புதன்

காலை ஆறரைக்குக் கூப்பிட்டேன். திசையன்விளையில் சாயங்காலம் நாலு மணி. பின்னால் கடையில் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவதுதான் அவன் தொழில்.

“யக்கா, அந்த ஆபீஸ்ல பழைய ரெஜிஸ்தர் எல்லாம் கட்டுக் கட்டா கெடக்கு. தேடிப் பாக்கோம்னு சொல்லியிருக்கான். பாத்துக்கிடலாம்.”

“யாருல சொன்னா?”

“அந்தக் கிளார்க்குதான்.”

“அவன் பேரென்ன?”

பேர் தெரியாதாம். ஐந்து மாதமாக அலைகிறவனுக்குக் கிளார்க்கின் பேர்கூடத் தெரியாதா? கேட்டால், “நீ சாப்ட்டியாக்கா?” என்கிறான். காலை ஆறரைக்கு என்னத்தைச் சாப்பிட!

தேரிச் செம்மணலில் வாங்கிய நிலத்தில் முந்நூறு முருங்கை வைத்திருக்கிறானாம். தண்ணீருக்குப் போர் போட்டிருக்கிறானாம். இங்கே வரப்போகிறவனுக்கு எதற்கு முருங்கை? யார் தண்ணீர் பாய்ச்சுவது? சொன்னால் சிரிக்கிறான்.

மார்ச் 17, ஞாயிறு

லாரி வரவில்லை. தலை குளிக்காமல் கோயில் ஆராதனைக்குப் போனேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

தேர்தலாம். பேரூராட்சி ஆபீஸில் எல்லாரையும் தேர்தல் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். சரி. அதற்கு முன்னால் கிளார்க்குக்கு மஞ்சள் காமாலை. அதற்கு முன்னால் ஆபீஸைக் கட்டடம் மாற்றினார்கள். இந்தத் தம்பிக்கு மட்டும் எல்லா இடைஞ்சலும் வரிசை கட்டி வருகிறது.

மாடி அறைக்கு இரண்டு கட்டில் வந்திறங்கியது. ஒன்று பெரியது, தம்பிக்கும் ரூபவதிக்கும். சின்னது ஹெப்சிக்கு, கடல் தெரிகிற ஜன்னல் ஓரம். தூக்கி வந்தவர்கள், “யார் வரப்போகிறார்கள்?” என்று கேட்டார்கள். என் தம்பி குடும்பம் என்றேன். போன தடவை மெத்தை கொண்டு வந்தபோதும் அதைத்தான் சொன்னீர்கள் என்றார்கள். வாய்க்கொழுப்பு.

எல்லாம் அவனுக்காகத்தான். எனக்கென்ன, டிசம்பரில் வேலை முடிகிறது, பென்ஷன் வரும், ஒற்றை ஆள். மோட்டாருக்குக் காயில் சுற்றியே அவன் காலம் போய்விடக் கூடாதே என்றுதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

ரூபவதி கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம். அடுப்படியில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“மைனி, தப்பா எடுத்துக்கிடாதிய. நாசரேத்ல இருந்து ஒரு சம்பந்தம் வந்துருக்கு. பையன் ஈ.பி.ல இருக்கான். ஹெப்சிய அவியளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பதில் சொல்லணும்.”

“கல்யாணம்னா அவ பேர் மனுல இருந்து போயிரும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் மைனி.”

“இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. இன்னும் நாலு மாசம். அதுக்குள்ள என்ன ரூபி அவசரம்?”

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “இதோட நாலாவது சம்பந்தம் மைனி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

பெற்றவளுக்கு இருக்காதா பயம்? காகிதத்தில் பிள்ளைக்கு இருபத்தாறு நெருங்குகிறது. பெண் பார்க்க வருகிறவர்களும் காகிதத்தைத்தானே பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 15, திங்கள்

வக்கீலம்மாவிடம் போன வாரம் எழுத்தில் ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளியில் தவறான தேதி எப்படி வந்தது, யார் கொடுத்தது என்று. “குடும்பத்தினர்” என்று எழுதி அனுப்பினேன். எந்தக் குடும்பத்தினர் என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

சொன்னது நான்தான். லீவில் போயிருந்தேன். நாலு வயதுப் பிள்ளை, ஐந்தாகாமல் ஒன்றாம் வகுப்பில் எடுக்க மாட்டோம் என்றார்கள். தம்பியும் ரூபவதியும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேனே. யூனிபார்ம் போட்டு, ரெட்டைச் சடை போட்டு, பிள்ளையை நான் ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்று ஆசை. பெரிய டீச்சரிடம் கூசாமல் ஒரு வயதைக் கூட்டிச் சொன்னேன். தம்பி பக்கத்திலேயே நின்றான். வாயைத் திறக்கவில்லை. பத்து நாளில் நான் விமானம் ஏறிவிட்டேன்.

மே 11, சனி

சந்தையில் பாகற்காய் கிடைத்தது. இங்கே வேலியோரமெல்லாம் இந்தக் கொடி தானாகப் படர்கிறது. இந்த ஊர்க்காரர்கள் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களே தவிர காயை மதிக்க மாட்டார்கள். நல்ல காயாகப் பார்த்து வாங்கி, வட்ட வட்டமாக நறுக்கி, மோரில் போட்டு வற்றல் காயவைத்திருக்கிறேன். ஓணான் மாதிரி, ஆனால் ஆட்டுக்குட்டி அளவு இருக்கும் இந்த ஊர் ஜந்து ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அதற்கும் பிடிக்கவில்லை.

தம்பிக்குப் பாகற்காய் என்றால் உயிர். அம்மா இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. நான் முதன்முதலில் தனியாகச் சமைத்துப் போட்டது பாகற்காய்ப் புளிக்குழம்பு. தட்டை வழித்துச் சாப்பிட்டான். லீவில் போகும்போதெல்லாம் முதல் நாள் அதைத்தான் வைப்பேன்.

வற்றல் போட்டதை ரூபவதியிடம் சொன்னேன்.

“அவியளா? பாவக்காய அவிய தொடவே மாட்டாவளே மைனி. நான் வச்சா தட்ட எடுத்துட்டே எந்திச்சுப் போயிருவாவ.”

“என் கையால வச்சா சாப்பிடுவான்” என்றேன். அவள் கைப்பக்குவம் அப்படி.

ஜூன் 3, திங்கள்

ரெஜிஸ்தரில் கறையான் ஏறியிருக்கிறதாம். கையெழுத்து தெரியவில்லையாம். இதற்கு மேல் என்ன சொல்வது? போனில் கத்திவிட்டேன். “ஆகஸ்ட் முப்பத்தொண்ணுதாம்ல கடைசி! ஒரு காயிதம், ஒரே ஒரு காயிதம்!” என்று. அவன், “ஒனக்குப் பிரஷர் கூடிரும்க்கா, மெதுவாப் பேசு” என்கிறான்.

இடுப்பு வலி. இன்று என் டயாலிசிஸ் வார்டில் பதினான்கு பேர்.

ஜூன் 20, வியாழன்

ஹெப்சி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள், கூடவே குரல் செய்தி.

“அத்த, நீங்க கேட்டுட்டே இருந்த பெர்த் சர்டிபிகேட் இதுதானா? பேங்குக்குப் பாஸ்போர்ட் வேணும்னு அப்பா பீரோவத் திறந்தேன். ஒரு கவருக்குள்ள இருந்துச்சு. நான் எடுத்ததா அப்பாட்ட சொல்லிராதிய, பீரோவக் கிளறுனா ஏசுவாவ.”

அதுதான். ஹெப்சிபா, பெண், ஜூலை 21, உண்மையான வருஷம். தகப்பன் பேர், தாய் பேர் எல்லாம் சரி. முத்திரை பளிச்சென்று இருக்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

கீழே ஓரத்தில் வழங்கிய நாள்: போன வருஷம் நவம்பர் 14.

ஜூன் 21, வெள்ளி

லாரிக்காரன் வந்தான். தொட்டி நிறைந்தது.

ஜூன் 22, சனி

கிளார்க் தேதியைத் தப்பாகப் போட்டிருப்பான். பேனா பிடிக்கத் தெரியாதவர்களை எல்லாம் ஆபீஸில் உட்கார வைத்தால் இப்படித்தான்.

ஜூன் 23, ஞாயிறு

பேனா எங்கே வந்தது? கம்ப்யூட்டரில் அடித்த நகல் அது. தேதியும் மணியும் அதுவே போடும்.

நவம்பரிலேயே வாங்கிவிட்டான். வாங்கி, கவரில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஏழு மாதம் என்னிடம் கிளார்க்குக் கதை சொல்லியிருக்கிறான். மஞ்சள் காமாலையாம். கறையானாம். என்னை என்ன கூமுட்டை என்று நினைத்தானா? பதினெட்டு வருஷம் எத்தனை பாரம் நிரப்பினேன், எத்தனை தடவை கையெழுத்துப் போட்டேன், எத்தனை தடவை வீடு மாற்றிய விவரம் எழுதினேன்! வர இஷ்டமில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன பூதமா, பேயா? அக்காதானே!

கோயிலுக்குப் போகவில்லை. மெத்தை விரிப்பைத் துவைத்தேன், துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

வக்கீலம்மாவிடம் படத்தைக் காட்டினேன். முதலில் குட் ஆஃப்டர்நூன் சொன்னேன். “இது போதும், மூன்று பேரும் வரலாம்” என்று எழுந்து நின்று கைகுலுக்கினாள். பாரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கியாம். கண்ணாடி கொண்டு வரவில்லை, பிறகு வந்து போடுகிறேன் என்றேன். கண்ணாடி கைப்பையில்தான் இருந்தது.

இந்தக் காகிதத்தை வைத்து அவர்களைக் கொண்டுவந்துவிட என்னால் முடியும். ஹெப்சி அனுப்பிவிட்டாள் என்று தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். “சரிக்கா” என்பான். கடையைப் பூட்டிவிட்டு, முருங்கையை யாரிடமோ விட்டுவிட்டு வந்துவிடுவான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை 7, ஞாயிறு

மின்சாரம் இல்லை. புயல் தள்ளிப் போய்விட்டது, காற்று மட்டும் வந்து கம்பத்தைச் சாய்த்துவிட்டது. பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்தால் இந்த மண்டை சும்மா இருப்பதில்லை.

பாகற்காய்ப் புளிக்குழம்பு வைத்த அன்று எனக்குப் பத்தொன்பது வயது. கசப்பை எடுக்கத் தெரியாது. என்னாலேயே வாயில் வைக்க முடியவில்லை. அவன் வழித்துச் சாப்பிட்டான். “நல்லாருக்காலே?” என்றேன். “நல்லாருக்குக்கா” என்றான். நான் அழுதுகொண்டே பரிமாறியதைப் பார்த்தான் இல்லையா, வேறு என்ன சொல்வான்? அன்றிலிருந்து நாற்பத்திரண்டு வருஷமாக நான் பாகற்காய் வைக்கிறேன், அவன் நன்றாயிருக்கிறது என்கிறான்.

மனுப் போடட்டுமா என்று கேட்டபோதும் “போடுக்கா” என்றான். பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் முன்னால் நான் பொய் சொன்னபோதும் பேசாமல் நின்றான். எனக்கு எதிராக ஒரு “வேண்டாம்” அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. சொல்ல வராமல்தான் காகிதத்தைப் பூட்டி வைத்திருக்கிறான். ஆகஸ்ட் தானாகக் கழிந்துவிட்டால், அக்காவுக்கும் மனக்கஷ்டமில்லை, சட்டம் விடவில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறான்.

பிள்ளைக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போனதும் இந்த மனுவால்தான். அதையும் யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஹெப்சி பிறந்தநாள். கூப்பிட்டேன். மாடியில் போய் நின்றுகொண்டு பேசினாள், காற்றுச் சத்தம் கேட்டது.

“ஏட்டி, உண்மையச் சொல்லு. ஒனக்கு இங்க வரணும்னு இருக்கா?”

“எல்லாரும் வந்தா வாரேன் அத்த.”

“எல்லாரையும் விடு. ஒன்னயத்தான் கேக்குதேன்.”

“நீங்க அங்க ஒத்தையில இருக்கியள்லா அத்த. அதான் நாங்க வரணும்னு அப்பா சொல்லுவாவ.”

நான் அவனுக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் எனக்காக என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறான்.

“நாசரேத் பையன் எப்படி?” என்றேன்.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அப்புறம் தானாகவே, “சிரிச்ச மொகம் அத்த. வண்டிய எங்க வீட்டு முன்னால போகும்போது மட்டும் மெதுவா ஓட்டுதாவ” என்றாள். சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஜூலை 22, திங்கள்

எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாவிட்டால் எங்கே எழுதுவது? எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. டிசம்பருக்குப் பிறகு காலையில் எழுந்து யாருக்கு வணக்கம் சொல்வது என்று தெரியவில்லை. மனுப் போட்டதே அதற்காகத்தான் என்று இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வக்கீலம்மா ஆபீஸிலிருந்து இரண்டாவது தடவை போன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூன்றாவது தடவை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து, காப்பி குடித்து, தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம், தட்டுச் சத்தம் கேட்டது.

“தொரை, வக்கீலம்மா சொல்லிட்டால. பள்ளிக்கூடத் தேதிதான் செல்லுமாம். இனி எந்த சர்டிபிகேட்டு கொண்டு வந்தாலும் ஆவாதாம்.”

“அப்போ ஹெப்சி?”

“வர முடியாது.”

“பிள்ளைய விட்டுட்டு நாங்க மட்டும் எப்படிக்கா…” உடனே சொன்னான். எத்தனையோ நாளாக வாயில் வைத்துக்கொண்டிருந்த வார்த்தை போலிருக்கிறது.

“வேண்டாம்ல. நீங்க வர வேண்டாம். மனுவ வாபஸ் வாங்கிட்டேன்னு வச்சுக்க. தப்பு என் மேலதான், அன்னைக்கு வயசக் கூட்டிச் சொன்னவ நான்தான?”

“அப்படிச் சொல்லாதக்கா.”

“நாசரேத்துக்காரவியளுக்குப் பதில் சொல்லு. ரூபிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.”

அப்புறம் பேசினான் பாருங்கள், பதினெட்டு வருஷத்தில் அப்படிப் பேசியதில்லை. முருங்கை காய்த்தது, மோட்டார் கடைக்குப் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தது, ஹெப்சி சமைத்துப் பருப்பு அடிப்பிடித்தது எல்லாம் வந்தது. கால் மணி நேரம். நான் “ம்” கொட்டிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டுத் தொட்டியில் அளவு பார்த்தேன். பாதிக்கு மேல் இருக்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

இன்றோடு முடிந்தது. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

சின்னக் கட்டிலை ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கொடுத்தேன். பெரிய கட்டில் மாடிப்படியில் இறங்க மாட்டேன் என்கிறது. கிடக்கட்டும்.

பாகற்காய் வற்றலை வெளியே கொட்டினேன். அந்த ஜந்து மறுபடியும் மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

அக்டோபர் 6, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. ஜனவரி 20 கல்யாணம். தம்பி வீடியோவில் வந்தான், புதுச் சட்டை. பின்னால் ரூபவதி, “மைனி, கிறிஸ்மஸுக்கே வந்துருங்க, இனி என்ன வேல?” என்று கத்தினாள். டிக்கெட் பார்க்கிறேன் என்றேன். திரும்பி வருகிற தேதியைப் போடாமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதை அவர்களிடம் சொல்லவில்லை. யார் வீட்டிலும் நானாகப் போய் உட்காரப் போவதில்லை, அவர்களே இருக்கச் சொன்னால் பார்ப்போம்.

“யக்கா, வெளியூர்ல இருந்து எல்லாரும் வருவாவ. முந்தின நாள் சாப்பாடு நம்ம வீட்லதான். என்ன வைக்கலாம்? நீ சொல்லு, ஒன் விருப்பம்தான்” என்றான்.

“என்ன வேணும்னாலும் வைல” என்றேன். “பாவக்கா மட்டும் வேண்டாம். ஒனக்குத்தான் பிடிக்காதே.”

சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். என்னையே பார்த்தான். பீரோவும் கவரும் நவம்பர் மாசமும் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது எனக்குத் தெரிந்தது. ரூபவதி பின்னால் ஏதோ கேட்டாள்.

“யக்கா” என்றான்.

“சரில, போன வை. அடுப்புல பால் இருக்கு” என்று சொல்லி நானே போனை வைத்தேன்.